எந்தக் கையால் சாப்பிடுவீர்கள்?

திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. இரண்டும் ஒரே புள்ளியில் தொடங்கி, ஆண்டுகள் போகப் போகப் பிரிந்தன. மேலே ஏறக்குறைய மட்டமாக ஓடியது கை. கீழே சரிந்துகொண்டே போனது கால்.

இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், உடம்பில் வேறோர் இடத்திலிருந்து ஒரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டிப் புதுவழி தைப்பதுதான் பைபாஸ். அந்தக் குழாயைக் காலிலிருந்து எடுக்கலாம். முன்கையிலிருந்தும் எடுக்கலாம். எது அதிக நாள் அடைக்காமல் ஓடுகிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டின. பினாங்கில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் இருதயப் பிரிவு, ஓய்வுபெற்ற எங்களையும் கூப்பிட்டு நடத்திய கூட்டம் அது.

பக்கத்து நாற்காலியில் இருந்த இளம் தாதி என் காதருகே குனிந்தாள். எங்கள் ஊரில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸி, இதுல உங்க பேஷண்ட்டுங்களும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"மேலயா, கீழயா?"

"ரெண்டுலயும்."

"அப்ப மேல இருக்கறவங்க எல்லாம் நல்லா இருப்பாங்க லா?"

விளக்கைப் போட்டுவிட்டார்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நிபோங் திபாலில் பள்ளி முடித்தேன், தாதியர் பயிற்சிக்குப் போனேன், பொது வார்டிலும் தீவிர சிகிச்சையிலும் அறுவை அரங்கிலும் ஆண்டுகள் போயின. அதில் சொல்ல அதிகமில்லை. எல்லாத் தாதிகளுக்கும் நடப்பதுதான். கடைசி ஆண்டுகளில் எனக்குக் கிடைத்தது தொடர்சிகிச்சை அறை. பைபாஸ் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரும் அறை. மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், சுவரோரம் கைகழுவும் தொட்டி. அரங்கில் வேலை செய்பவர்கள் நோயாளியின் மார்பைத்தான் பார்க்கிறார்கள். நான் அவர் எப்படி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார் என்பதைப் பார்த்தேன்.

எங்கள் பெரிய டாக்டர் சீனர். ஜார்ஜ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். அறைக்குள் வந்தால் உட்கார மாட்டார். ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், குளிர்ந்திருக்கிறதா என்று. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தவறு செய்த இளம் டாக்டரிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "மறுபடி செய்." தமிழில் அவருக்கு மூன்று சொற்கள் தெரியும். வலி, மூச்சு, நடை. தமிழ் நோயாளி யார் வந்தாலும் அந்த மூன்றையும் வரிசையாகக் கேட்பார். வலி இருக்கா, மூச்சு வாங்குதா, நடக்க முடியுதா. மூன்றுக்கும் நல்ல பதில் வந்து, ஸ்கேனில் புதுக் குழாய் திறந்திருந்தால் அது நல்ல முடிவு. எல்லா ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான் அளக்கிறார்கள். இதைவிட நல்ல அளவுகோலை நானும் கண்டதில்லை.

அவர் காலை விட்டுக் கைக்கு மாறியதற்குக் காரணம் இருந்தது. காலில் எடுக்கும் குழாய் சுலபமாகக் கிடைக்கும், நீளமும் போதும். ஆனால் எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. காலில் நீளமாகப் போட்ட வெட்டு ஆறாது. அது ஆறினாலும், அந்தக் குழாய் சில ஆண்டுகளில் தடித்து அடைத்துக்கொள்ளும். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு பஸ் டிரைவர் வருவார். அறுவை முடிந்து நன்றாகத்தான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு டோடோல் இனிப்பு வாங்கி வருவார். ஒரு நாள் டோடோல் இல்லாமல் வந்து, நெஞ்சைக் காட்டி, "பழைய வலிதான் மிஸி, அதே எடம்" என்றார். கால் குழாய் மூன்றும் அடைத்திருந்தன. இரண்டாம் முறை திறப்பதற்கு இருதயத்தில் வலு இல்லை. அவர் இறந்த அன்று பெரிய டாக்டர் என் அறைக்கு வந்து நின்றார். "அவனுக்கு நான் மட்டமான குழாயைக் கொடுத்துவிட்டேன்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் முன்கை.

கையில் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. அதை அவர் யாரிடமும் விடமாட்டார். உள்ளங்கைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மணிக்கட்டில் இரண்டு. கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. எடுக்கப்போவது கட்டைவிரல் பக்கத்தது. நோயாளியைக் கையை இறுக்கி மூடச் சொல்லி, இரண்டையும் தன் பெருவிரல்களால் அழுத்துவார். கையைத் திறக்கச் சொல்வார். உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். பிறகு சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விடுவார். தன் வீட்டுச் சீனமான ஹொக்கியனில் மெல்ல எண்ணுவார். சட்டென்று சிவப்பு பரவினால், அந்த ஒரு குழாயே கைக்குப் போதும், மற்றதை எடுக்கலாம் என்று பொருள். சிவக்கத் தாமதமானால் அந்தக் கையைத் தொடமாட்டார்.

எந்தக் கை என்பதற்கும் விதி இருந்தது. அதிகம் புழங்காத கை. பெரும்பாலும் இடது. எடுக்கும் குழாயை ஒட்டியே உணர்ச்சி நரம்பு ஒன்று ஓடுகிறது. என்ன கவனமாக இருந்தாலும் சிலருக்கு அது இழுபட்டுவிடும், கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும். அநேகமாகச் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது. அதனால் வேலை செய்யும் கையை விட்டுவிடுவது.

காதர் அண்ணன் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஐம்பதைத் தாண்டியவர், நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய், அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டா, வீசுபவர். வீடு சுங்கை பினாங் பிளாட்டில். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வேறு கடைக்குப் போனதில்லை. அவர் கல்லுக்குப் பின்னால் நின்று மாவை வீசும்போது வாசலில் சுற்றுலாப் பயணிகள் போனைத் தூக்கிப் பிடிப்பார்களாம். அதை அவர் மனைவி மும்தாஜ் அக்காதான் சொன்னார், அவர் சொல்லவில்லை. இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு.

வார்டில் சேர்த்த அன்று விவரம் எடுத்தவர் ஓர் இளம் மலாய் டாக்டர். நல்ல பெண். கேட்க வேண்டியது "உங்கள் ஆதிக்கக் கை எது" என்பது. அதை அப்படியே மலாயில் கேட்டால் யாருக்குப் புரியும்? அவள் வீட்டில் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டாள். "மக்கான் பாகாய் தங்ஙான் மானா?" எந்தக் கையால் சாப்பிடுவீர்கள்?

"கானான்" என்றார் அவர். வலது.

மும்தாஜ் அக்காவும் தலையாட்டினாராம்.

எங்கள் ஊரில் மலாய்க்காரரைக் கேட்டாலும் தமிழரைக் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான். அதை ஒரு கேள்வி என்றே சொல்ல முடியாது.

பெரிய டாக்டர் இடது மணிக்கட்டை அழுத்தி, விட்டு, எண்ணத் தொடங்கும் முன்பே உள்ளங்கை சிவந்துவிட்டது. "நல்ல கை" என்றார். மறுநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். இடது கையைப் பலகையில் நீட்டிக் கட்டி, முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை திறந்து, குழாயைச் சுற்றியுள்ள சதையோடு மெல்லப் பிரித்து, கிளைகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, வெளியே எடுத்து, மருந்து கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டார்கள். அரங்கிலிருந்த தாதி பிறகு என்னிடம் சொன்னாள்: பார்க்க அழகாக இருந்ததாம். மொத்த அறுவையிலும் ஒரு சிக்கலும் இல்லை.

முதல் தடவை என் அறைக்கு வந்தபோது வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, பிளாட்டின் படிகளில் ஏறி இறங்குகிறார். இடது கையை மடியில் வைத்து, அதன் மேல் வலது கையைப் போட்டு மூடியிருந்தார். ஏதாவது தொந்தரவா என்றேன். "போலே தாஹான் லா மிஸி" என்றார். தாங்கலாம் என்பதற்கும் சுமாராக நன்றாக இருக்கிறது என்பதற்கும் மலாயில் அதே சொற்கள்தான்.

தையல் போட்ட இடத்தைப் பார்க்கத் திரும்பியபோது மேசையிலிருந்த பேண்டேஜ் உருளை என் முழங்கை பட்டு விழுந்தது. அவர் இடது கை பாய்ந்தது. வலது கை அசையவே இல்லை. இடது கை உருளை இருந்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் கட்டைவிரல் மூடவில்லை. உருளை தரையில் உருண்டு சுவரில் முட்டி நின்றது.

"நீங்க எடக்கையா அண்ணே?"

அவர் மனைவியைப் பார்த்தார். மும்தாஜ் அக்கா, "சீ, அதெல்லாம் இல்ல மிஸி. சாப்புடுறது, எழுதுறது, காசு வாங்குறது எல்லாம் சோத்துக் கைதான்" என்றார்.

"ரொட்டி வீசுறது?"

மும்தாஜ் அக்கா எழுந்து போய் உருளையை எடுத்து மேசையில் வைத்தார்.

"வீசுறது எடதுதான்" என்றார் காதர் அண்ணன். "வலது சும்மா கூடப் போகும். ரெண்டு கையும் மாவுல இருக்கும்போது எது வீசுது, எது புடிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? சின்ன வயசுல எடக்கையால சோறு எடுத்தா அத்தா மணிக்கட்டுலயே போடுவாரு. எடக்கையால போட்ட ரொட்டின்னு தெரிஞ்சா எவன் சாப்புடுவான்? அதான் யார்ட்டயும் சொல்றதில்ல."

"டாக்டர் கேட்டாங்கல்ல?"

"எந்தக் கையால சாப்புடுறேன்னு கேட்டாங்க மிஸி. எந்தக் கையால பொழைக்கிறேன்னு கேக்கலியே."

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. கேட்டார்கள், சொன்னேன் என்ற குரல்தான்.

கட்டைவிரல் மரத்துப்போனது எதனால் என்று விளக்க முயன்றேன். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நரம்பு இருக்கிறது, அதில் லேசாக அடிபட்டிருக்கிறது என்றேன்.

"ஒரு நரம்பு எடுப்போம்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்குனீங்க. எடுத்துட்டீங்க. இப்ப அடிபட்டிருக்குன்னா, எடுத்த நரம்புலயா, இருக்குற நரம்புலயா?"

"எடுத்தது ரத்தக் குழாய் அண்ணே. இது உணர்ச்சி நரம்பு. வேற."

"ரெண்டுக்கும் ஒரே பேர வச்சிருக்கீங்க. மலாய்லயும் ஊராட்தான். நெஞ்சுல வச்சு தச்சிட்டதால கையில உணர்ச்சி போச்சின்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன். இப்ப கைய தடவுனா நெஞ்சு கூசுமோன்னு மும்தாஜ் வேற கேக்குறா."

மும்தாஜ் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

பல மாதங்கள் பயிற்சி கொடுத்தார்கள். நரம்பு நிபுணர் பார்த்தார். மருந்து எழுதினார். காதர் அண்ணன் எதையும் தவறவிடவில்லை. மார்பெலும்பு கூடியதும் கடைக்குத் திரும்பினார். ரொட்டியின் விளிம்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஏறி இழுபடும். எப்போது விட வேண்டும் என்பதை அந்த இடம்தான் சொல்லுமாம். அது சொல்லவில்லை. வலது கையால் பழகிப் பார்த்தார்.

"வட்டம் வரல மிஸி. மலேசியா மேப்தான் வருது. சபா சரவா கடலுக்கு அந்தாண்ட தனியா பிஞ்சி போயிடுது."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் சொன்ன கடைசி வேடிக்கை அது.

ஒரு நாள் இடது கையைக் கல்லின் ஓரத்தில் ஊன்றி நின்றிருக்கிறார். தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் கீழே பார்த்திருக்கிறார். கட்டைவிரலின் பின்புறம் முழுவதும் கொப்புளம். முதலாளி நல்லவர். பயந்துபோய் அவரைக் கல்லாவில் உட்கார வைத்தார். கல்லாவிலிருந்து பார்த்தால் ரொட்டிக் கல் நேராகத் தெரியும். வங்கதேசத்திலிருந்து வந்த ஒருவர் அங்கே வீசிக்கொண்டிருந்தார். பழைய வாடிக்கையாளர்கள் வந்து, "அண்ணே, இன்னிக்கு நீங்க போடலியா?" என்று கேட்பார்கள். கொஞ்ச காலம் தாங்கினார். பிறகு போகவில்லை.

இதையெல்லாம் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் ஏட்டைத் திருப்பிப் பார்த்தார். வலது என்று இருந்தது.

"வலது என்று அவனே சொல்லியிருக்கிறானே."

"சாப்பிடுவது வலது, டாக்டர். வேலை இடது."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "வலது கையில் எடுத்திருந்தாலும் மரத்துப்போக வாய்ப்பு உண்டு. காலில் எடுத்திருந்தால்? பஸ் டிரைவரை நினைத்துப் பார்." ஏட்டை மூடிவிட்டு, "இந்த மனிதன் உயிரோடு இருக்கிறான், மிஸி" என்றார்.

அதில் தவறு எதுவும் இல்லை. காலில் எடுத்திருந்தால் அவர் ரொட்டி வீசிக்கொண்டே சில ஆண்டுகளில் பழைய வலியோடு வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். ஒரு மனிதனை இரண்டு விதமாக அறுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

அடுத்த முறை காதர் அண்ணன் வந்தபோது பெரிய டாக்டர் தானே என் அறைக்கு வந்து, கை என்ன செய்யும் என்று காட்டச் சொன்னார். காதர் அண்ணன் என்னிடம் ஒரு துண்டு கேட்டார். ஈரமாக. ரொட்டி வீசப் புதிதாகப் பழகுகிறவர்கள் மாவை வீணாக்காமல் ஈரத் துண்டில்தான் பழகுவார்களாம். தொட்டியில் நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். அவர் மேசையை வழித்துத் துடைத்தார். துண்டை விரித்து, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். நின்ற விதமே மாறிவிட்டது. தோள் இறங்கியது, இடது கால் அரை அடி முன்னால் வந்தது. அந்த அறையில் அதுவரை உட்கார்ந்திருந்தது வேறு யாரோ என்று தோன்றியது.

வீசினார். துண்டு மேலே விரிந்தது. விட வேண்டிய நொடி போன பிறகும் இடது கை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தது, விடவில்லை. துண்டு மடங்கி, கணினியின் மேல் தொப்பென்று விழுந்தது. மறுபடி வீசினார். இந்தத் தடவை முன்னதாகவே விட்டுவிட்டார். சுவரில் அடித்தது.

பெரிய டாக்டர் குனிந்து துண்டை எடுத்தார். நான்காக மடித்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"வலி?"

"இல்ல டாக்டர்."

"மூச்சு?"

"நல்லா இருக்கு."

"நடை?"

"நடக்கிறேன்."

மூன்றையும் நான் கணினியில் பதிந்தேன். விசைப்பலகை ஈரமாக இருந்தது. வேறு எதையும் பதிய அதில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் என்னவென்று பதிவது?

கேள்வியை மாற்ற வேண்டும் என்றேன். பெரிய டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார், எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். அன்று கேட்டுக்கொண்ட இளம் டாக்டர்கள் சில மாதங்களில் வேறு பிரிவுக்குப் போனார்கள். புதியவர்கள் வந்தார்கள். ஒரு நாள் வார்டில் திரைக்குப் பின்னாலிருந்து அதே கேள்வி வந்தது, வேறொரு குரலில், அதே மரியாதையோடு. மக்கான் பாகாய் தங்ஙான் மானா? அதன் பிறகு நானே வார்டுக்குப் போய், அறுவைக்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு பேண்டேஜ் உருளையை எதிர்பாராமல் தூக்கிப் போடுவேன், எந்தக் கை பிடிக்கிறது என்று பார்க்க. பெரும்பாலோர் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். இருதயத்தைத் திறக்கப் போகிறார்கள் என்ற பயத்தில் இருப்பவர்களிடம் எதைத் தூக்கிப் போட்டாலும் அப்படித்தான். நான் ஓய்வுபெற்றபின் யாரும் போடுவதில்லை.

நான் வேலையை விடுவதற்குச் சற்று முன் காதர் அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்தோம். படம் திரையில் வந்ததும் பெரிய டாக்டர் இளையவர்களைக் கூப்பிட்டார். இருதயத்தின் மேல் அந்தக் குழாய் ஒரு நெளிவு சுளிவில்லாமல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே தடிமனாகப் படுத்திருந்தது. எங்கும் ஒரு கீறல் இல்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி அவர் தைத்துப் பார்த்த குழாய்களில் இதுதான் மிக நல்லது என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. இருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பஸ் டிரைவருக்குக் கொடுக்க முடியாததை அவர் இவருக்குக் கொடுத்திருந்தார். திரையைக் காதர் அண்ணன் பக்கம் திருப்பி, "சாந்தேக்" என்றார். அழகு.

இளையவர்கள் போனதும் மும்தாஜ் அக்கா, "என்ன சொன்னாங்க மிஸி?" என்றார்.

"கொழா ரொம்ப நல்லா இருக்காம் அக்கா. புதுசு மாதிரி."

"அல்ஹம்துலில்லாஹ்."

காதர் அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நாள் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று மும்தாஜ் அக்கா முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்கச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒரு தடவை போனார்.

"மிஸி, இது இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?"

அவருக்கு நம்பிக்கை கொடுக்கக்கூடிய ஒரே பதில் என்னிடம் இருந்தது. அது உண்மையாகவும் இருந்தது.

"டாக்டர் சொல்றதப் பாத்தா இருபது வருஷம்கூட ஓடும் அண்ணே. அதுக்கு மேலயும் ஓடலாம்."

மும்தாஜ் அக்கா இரண்டு கைகளையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டார்.

"அவ்ளோ வருஷமா" என்றார் காதர் அண்ணன்.